பக்கத்து வார்டின் கரும்பலகை

போன மாதம் பேரூராட்சி அலுவலக மாடியில், முதல்முறை வார்டு உறுப்பினர்களாக வந்திருக்கும் உங்களுக்காக ஒரு கூட்டம் வைத்து என்னையும் பேசக் கூப்பிட்டீர்கள். என்னை அறிமுகம் செய்த தம்பி, "வறட்சிக் காலத்தில் தன் வார்டுக்கு வரவேண்டிய தண்ணீரைப் பக்கத்து வார்டுக்கு விட்டுக்கொடுத்த பெரிய மனசுக்காரர்" என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் ஆறாம் வார்டு உறுப்பினர் சரோஜா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அறிமுகத்தில் பாதிதான் உண்மை. மீதியை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் இப்போது எழுதித் தருகிறேன்.

எஸ்டிமேட், டெண்டர், தீர்மான நகல் இதையெல்லாம் அலுவலகத்தில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதில் என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்து வார்டைப் பார்த்து வயிறு எரிந்தால் என்ன செய்வது என்று எவரும் பயிற்சி வகுப்பு எடுக்க மாட்டார்கள். அதில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு. பழைய அனுபவம் மட்டும் அல்ல, இன்று காலை வரைக்கும் உண்டு.

நான் இரண்டு தடவை ஐந்தாம் வார்டு உறுப்பினராக இருந்தேன். முதல் தடவை எனக்கு நிகர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டம், தென்னந்தோப்பு, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் குடும்பம். வீதியில் போனால் "வாங்க, வாங்க" என்பார்கள். இரண்டாவது தடவை ஆறாம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே காலனியிலிருந்து சரோஜா நின்று ஜெயித்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. உறுப்பினர் ஆன பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை.

அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். கிணற்றுத் தண்ணீரை எந்த நாள் எந்த வயலுக்குப் பாய்ச்சுவது என்று முறை பார்ப்பது அவர் பொறுப்பு. என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். மகள் முதல் கூட்டத்துக்கு வந்த அன்றைக்கு என் பக்கத்து நாற்காலியை இழுத்து, "அண்ணா, இங்க யாராச்சும் வாராங்களா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். அண்ணா என்று கூப்பிட்டதில் ஒரு தப்பும் கிடையாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் உறுத்தியது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் பின்னால் நடந்தது எதுவும் உங்களுக்குச் சரியாகப் புரியாது.

பதவி ஏற்ற இரண்டாவது வாரம் அவர் ரேஷன் கடையின் பக்கச் சுவரில் ஆறடி நீளத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இந்தப் பக்கம் 'ஆனது', அந்தப் பக்கம் 'ஆகலை'. மேலே, நல்ல தண்ணீர் எந்த வீதிக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்கு. காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார். நம் ஊரில் உப்புத் தண்ணீர் தினமும் வரும், ஆற்றுத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான். அந்த ஒரு மணி நேரத்தைத் தவற விட்டால் அடுத்த எட்டு நாள் குடிக்கத் தண்ணீர் இல்லை. இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சிரித்தேன். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே, "ஆகலைன்னு தானே எழுதிப் போட்டா அடுத்த தடவை எவன் ஓட்டுப் போடுவான்?" என்று சத்தமாகக் கேட்டேன். டீ மாஸ்டர் என் வார்டுக்காரர். அவர் டம்ளரை வைத்துவிட்டு, "அதென்னமோ தெரியலீங்க. எங்கூட்ல காத்தால எந்திரிச்சதும் அந்த போர்டைப் பாத்துட்டு வரச் சொல்லித்தான் என்னையத் தொரத்துது" என்றார்.

"நீ அஞ்சாம் வார்டுதானப்பா?"

"அஞ்சாம் வார்டுதானுங்க. நம்ம வார்டுத் தண்ணி நேரத்தையும் அந்தம்மணியே எழுதிப்போடுதுங்க. ரெண்டுக்கும் ஒரே தொட்டிதானுங்களே."

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். என் வார்டுத் தண்ணீரை, என் வார்டு ஆள், சரோஜாவின் போர்டில் பார்க்கிறான். அடுத்த நாள் காலை யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து நானும் போய்ப் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

பொறாமை வந்தால் உடனே அவர் செய்ததைவிடப் பெரிதாக ஒன்று செய்யத் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் வார்டில் நடந்த வளர்ச்சிப் பணிகளைப் பட்டியல் போட்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது வீதி முனையில் பன்னிரண்டடிக்கு ஒரு ஃபிளக்ஸ் வைத்தேன். என் படம் பெரிதாக, கை கூப்பியபடி. பட்டியல் சின்னதாகத் தெரிந்ததால், மூன்றாவது வீதிச் சாக்கடையையும் சேர்த்துப் போட்டேன். அப்போது அங்கே நடந்திருந்த வேலை, சுண்ணாம்பில் கோடு போட்டது மட்டும்தான். எப்படியும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும், முன்கூட்டிப் போட்டால் என்ன என்று நினைத்தேன்.

ஃபிளக்ஸ் வைத்த நாலாம் நாள் மழை. மூன்றாவது வீதியில் முனை வீட்டில் தண்ணீர் புகுந்தது. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டுக்காரர் நனைந்த இலவம்பஞ்சு மெத்தையை எங்கே காயப்போடுவது என்று பார்த்து, நல்ல உறுதியான சட்டமாக இருக்கிறதே என்று என் ஃபிளக்ஸ் மேலேயே போட்டிருந்தார். மெத்தை என் முகத்தை முழுக்க மூடியிருந்தது. கூப்பிய கை மட்டும் கீழே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் 'மூன்றாவது வீதி வடிகால்' என்ற வரியும் தெரிந்தது.

"மெத்தையை எடுங்க, நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க" என்றேன்.

"எடுத்துப்போடறனுங்க. சாக்கடைதான் கட்டியாச்சுன்னு எழுதியிருக்கீங்களே, தண்ணியை மட்டும் அதுல போகச் சொல்லிப்போட்டுப் போங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதே நாள் ஆறாம் வார்டிலும் ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்திருந்தது. அங்கே யாரும் சரோஜாவைத் திட்டவில்லை. அந்த வீதிச் சாக்கடை ஆறு வாரமாக 'ஆகலை' பக்கத்தில் முதல் வரியாக இருந்தது. அது ஆகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஏன் ஆகவில்லை என்றும் எழுதியிருந்தார். மழைக்கு முந்தின நாளே அந்த வீட்டுக்காரர்கள் சாமான்களைப் பரண் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் பொருமினேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தப் புள்ளை ஆகலைன்னு எழுதிப்போட்டு வேலை செய்யுது. நீங்க ஆச்சுன்னு எழுதிப்போட்டு டீ குடிக்கப் போறீங்க" என்றாள். அன்றைக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

இந்த ஃபிளக்ஸ் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானே கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆகாத வேலையை ஆனதாகப் போடாதீர்கள் என்ற அளவில் நீங்களும் இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்கு அடுத்ததாக நான் செய்ததை இதுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

காலனிக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் அதுவரை கிடையாது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஆறாம் வார்டின் மேட்டு வீதிகளில் இருக்கும் பொதுக் குழாய்க்குக் குடத்தோடு நடந்து வர வேண்டும். சரோஜா வந்த முதல் மாதத்திலிருந்தே அதற்காக அலைந்தார். அரை நாள் லீவு போட்டுக் கோயமுத்தூர் போய் வருவார். கடைசியில் தொட்டியிலிருந்து என் வார்டு வழியாகக் காலனிக்குத் தனிக் குழாய் போட அனுமதி வந்தது. கூட்டத்தில் தீர்மானம் வைத்து நிறைவேற்றினால் வேலை ஆரம்பிக்கலாம். போர்டில் 'ஆகலை' பக்கத்தில் எத்தனையோ மாதமாக இருந்த அந்த வரிக்குப் பக்கத்தில் 'அடுத்த கூட்டத்தில்' என்று எழுதியிருந்தார். வரி கோட்டைத் தாண்டி 'ஆனது' பக்கம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டது. என் வார்டிலும் பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் நடந்தது. அந்தத் தீர்மானப் பொருளை வாசித்ததும் நான் எழுந்தேன். "என்ற வார்டு வழியா இன்னொரு குழாய் போனா எங்களுக்குப் பிரஷர் கொறையும். இன்ஜினியரை வெச்சு ஆய்வு பண்ணிப்போட்டு அப்பறமா எடுத்துக்கலாமுங்க" என்றேன். பிரஷர் குறையாது என்று இன்ஜினியர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் என் ஃபைலில் இருந்தது, நான் படித்தும் இருந்தேன். மூத்த உறுப்பினர் சொல்கிறார் என்று தலைவர் பொருளை ஒத்திவைத்துவிட்டார்.

இதில் தீர்மானத்தைத் தோற்கடித்தது யார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுதானே கேட்டேன். ஆய்வு கேட்பது நல்ல உறுப்பினரின் வேலைதானே. பொறாமைக்கு வேட்டி சட்டை போட்டு, தலை வாரி, அலுவலகத்துக்குக் கூட்டிப் போனால் அது இப்படித்தான் பேசும். நாளைக்கு உங்களில் ஒருவர் எழுந்து ஆய்வு வேண்டும் என்று சொல்லும்போது, உட்காருவதற்கு முன் ஒரு தடவை உங்கள் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

சரோஜா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் போர்டில் 'அடுத்த கூட்டத்தில்' என்பதை அழித்துவிட்டு, 'தள்ளிப்போயிருக்கிறது' என்று எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் எழுதுபவர் இதற்கு மட்டும் எழுதவில்லை. என் பெயர் வரும் வரும் என்று ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தேன்.

அந்த வருடம் கோடை மழை பொய்த்தது. வைகாசி பிறந்தும் வெயில் குறையவில்லை. காலனி ஆழ்குழாய்க் கிணறு வற்றி, மோட்டார் கருகிவிட்டது. மேட்டு வீதிப் பொதுக் குழாயிலும் அந்த வீதிக்காரர்களுக்கே போதவில்லை. மூன்று நாள் பொறுத்தார்கள். நாலாம் நாள் காலை எட்டு மணிக்குக் காலனிப் பெண்கள் அத்தனை பேரும் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ரோட்டின் குறுக்கே குடங்களை வரிசையாக வைத்து அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். கம்பெனி வேன், பஸ், பால் வண்டி எல்லாம் நின்றுவிட்டன.

அது என் வார்டு எல்லை. நான் போக வேண்டிய இடம்தான். ஆனால் நான் ஏன் போனேன் என்றால், சரோஜா திணறுவதைப் பார்க்கப் போனேன். அவருடைய சொந்த சனம், அவரை எதிர்த்து உட்கார்ந்திருக்கிறது. அந்த போர்டு இப்போது என்ன செய்யும் என்று பார்க்கலாம் என்று போனேன்.

சரோஜா குடங்களுக்கு நடுவில் நின்றிருந்தார். கம்பெனிக்குப் போகிற அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஒரு பெரியம்மா எழுந்து நின்று, "பைப்பு போட ஆர்டர் வந்துச்சாம், கூட்டத்துல எவனோ எந்திரிச்சுத் தடுத்துப்போட்டானாம். அது யாருன்னு சொல்லு அம்மணி. அந்த ஆளு ஊட்டு வாசல்ல போய் உக்காந்துக்கறோம்" என்றார். கூட்டம் முழுக்க "சொல்லு, சொல்லு" என்றது. நான் அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும், அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

சரோஜா என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைத்தான் பார்த்தார். "இப்ப உங்களுக்குத் தண்ணி வேணுமா, அந்த ஆளு வேணுமா? ரெண்டையும் ஒரே கொடத்துல புடிக்க முடியாதுங்க பெரியம்மா" என்றார்.

அப்புறம் யாரோ "தண்ணிதான் வேணும்" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, இன்னிக்கு உங்க வார்டு முறை. ஒம்பது மணிக்கு உங்களுக்கு நல்ல தண்ணி உடோணும். அதை எங்களுக்கு உட்டுக் குடுக்கறீங்களா? உங்க மூணாவது வீதிப் பொதுக் கொழாயில எங்க ஆளுக புடிச்சுக்குவாங்க."

இங்கே ஒரு விஷயம். நம் ஊரில் ஒரு வார்டு முறையை இன்னொரு வார்டுக்கு மாற்ற வேண்டுமானால், செயல் அலுவலர் சொன்னாலும் வாட்டர்மேன் வால்வைத் திருப்ப மாட்டார். அந்த வார்டு உறுப்பினர் தன் வாயால் சொல்ல வேண்டும். சட்டத்தில் இது எங்கும் இல்லை. கிணற்றுக்கு முறை வைத்துப் பாய்ச்சிய காலத்துப் பழக்கம் அப்படியே குழாய்க்கும் வந்துவிட்டது. முறைக்காரன் சொல்லாமல் முறை மாறாது. அதை அந்த ரோட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் சரோஜாதான். அவர் அப்பா வாழ்நாள் முழுக்க எங்கள் தோட்டத்தில் பார்த்த வேலையே அதுதான்.

வாட்டர்மேன் நீளமான வால்வுச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நின்றார். மறியலைக் கலைக்க வந்திருந்த இன்ஸ்பெக்டரும் என்னைப் பார்த்தார். குடத்துக்குப் பின்னால் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் இருந்தது. என் வார்டில் எட்டு நாளாகத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். இல்லை என்று சொன்னால் சரோஜா அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாது.

"உட்டுக் குடுக்கறேன்" என்றேன். பெரிய மனசு கிடையாது. பயம்.

வால்வுகளைத் திருப்பி, மற்ற வீதிகளை அடைத்து, அழுத்தம் முழுவதையும் அந்தப் பொதுக் குழாய்க்கு விட்டார்கள். பத்தரை மணிக்கு ரோடு காலியானது. எங்கள் வீட்டிலும் அன்றைக்கு ஒரு சொட்டு வரவில்லை. மத்தியானம் என் வார்டுப் பெண்கள் வாசலில் வந்து நின்று, "எங்களைக் கேக்காம எங்க தண்ணியைத் தூக்கிக் குடுக்க நீங்க யாருங்க?" என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. நான் வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவிதான் வெளியே போய் மோரும் கொடுத்து, திட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை போர்டில், 'ஆனது' பக்கத்தில், பெரிய எழுத்தில்: 'நேற்று காலனிக்கு நல்ல தண்ணி வந்தது. ஐந்தாம் வார்டு உறுப்பினர் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்.' கீழே என் முழுப் பெயர். ஊரே படித்தது. திட்ட வந்த என் வார்டுக்காரர்களே இரண்டு நாள் கழித்து, "உட்டுக் குடுத்தது நல்ல காரியந்தானுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். என் மனைவி மட்டும் படித்துவிட்டு வந்து, "நிறுத்துனதும் நீங்க, குடுத்ததும் நீங்க. ஒண்ணுக்கு மட்டுந்தான் பேரு எழுதியிருக்குது" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் குழாய்ப் பொருள் மறுபடி வந்தது. தலைவர் சிரித்துக்கொண்டே, "இதை ஐந்தாம் வார்டு உறுப்பினரே முன்மொழிஞ்சா பொருத்தமா இருக்கும்" என்றார். நான் முன்மொழிந்தேன். சரோஜா வழிமொழிந்தார். ஆய்வைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் நடுவில் போன மாதங்கள் போனவைதான். பொங்கலுக்கு முன் வந்திருக்க வேண்டிய தண்ணீர் ஆடியில்தான் காலனிக்கு வந்தது. முதல் நாள் குழாயைத் திறக்க என்னைக் கூப்பிட்டார்கள். குழாய்க்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். நான் திறந்தேன். நான் வாங்கிய நல்ல பெயரையும் அவர் கையால்தான் வாங்க வேண்டியிருந்தது என்று அன்றைக்கும் எரிந்தது.

பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்காத வருடங்கள் வந்தன. யாருக்கும் பதவி இல்லை. நான் வாசல் கேட்டிலிருந்து 'உறுப்பினர்' பலகையைக் கழற்றி உள்ளே வைத்தேன். சரோஜா போர்டை நிறுத்தவில்லை. பதவி இல்லாத ஆளுக்கு என்ன வேலை என்று கேட்டால், "தண்ணி வருதுங்களே, அது எப்ப வருதுன்னு யாராச்சும் எழுதோணுமில்லீங்க" என்பார். தேர்தல் வந்தபோது வார்டு எல்லைகளை மாற்றியிருந்தார்கள். எங்கள் வீதி ஆறாம் வார்டுக்குப் போய்விட்டது. முழங்கால் வலி, இனிமேல் நிற்கப்போவதில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் அவரை எதிர்த்து நின்றால் எங்கள் வீட்டிலேயே எனக்கு ஒரு ஓட்டுதான் விழும் என்பதும் உண்மை.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். நீங்கள் கை தட்டிய அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை, சரோஜா வருவதற்கு முன்னால் போய், சாக்பீஸ் டப்பாவைத் திறந்து, போர்டில் 'ஆகலை' பக்கத்தில் நானே எழுதினேன். 'காலனிக் குழாய் அன்றைக்குத் தள்ளிப்போனதற்குக் காரணம் ஆய்வு இல்லை. நான்.' கீழே என் பெயர். டீ மாஸ்டர் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரோஜா போர்டு துடைக்கும் ஈரத் துணியோடு வந்தார். "என்னங்கண்ணா, காத்தாலயே என்ற வேலையைப் புடுங்கிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே படித்தார். படித்து முடித்தார். துணியை உதறி, நான் எழுதியதை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தார்.

"ஏன் அம்மணி அழிக்கற? அது உண்மைதானே?"

"உண்மைதானுங்க. எடம் வேணுமில்லீங்களா? நாலாவது வீதிக்கு இன்னிக்கு நேரம் மாறியிருக்குது."

"நேத்துக் கூட்டத்துல எதுக்கு அத்தனை நேரம் கை தட்டுன?"

"எந்திரிச்சு இல்லைன்னு சொல்லுவீங்களான்னு பாத்தேனுங்க. சொல்லலை. சரின்னு உட்டுட்டேன்."

எனக்கு அங்கேயே கேட்டுவிட வேண்டும் போல் இருந்தது. "அன்னிக்கு ரோட்டுல அத்தனை பேரு கேட்டாங்க. அப்பவே என்ற பேரைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா உங்க முறையை எனக்குக் குடுத்திருப்பீங்களா?"

அவர் நேரத்தை எழுதிக்கொண்டே பேசினார். "போர்டுல உங்க பேரை எழுதுனதும் நல்ல மனசுல இல்லீங்கண்ணா. ஊரே படிச்ச பொறவு அடுத்த கூட்டத்துல நீங்க எப்படிங்க வேண்டாம்பீங்க? எனக்குப் பைப்பு வேணும், அதுக்காக எழுதுனேன். கோவம் இல்லைன்னு நெனைச்சுப்போடாதீங்க. எங்கப்பன் உங்க தோட்டத்துல அத்தனை பேருக்கும் முறை தப்பாம தண்ணி உட்ட ஆளு. அந்த ஆளோட சனத்துக்குத் தண்ணி வாரப்ப நீங்க தடுத்தீங்க. அந்தக் கோவம் இன்னும் இருக்குது. ஆனா கோவத்துக்குன்னு இந்த போர்டுல நான் எடம் உடலைங்க."

வேன் ஹாரன் அடித்தது. சாக்பீஸை டப்பாவில் போட்டு, "வாரனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை வருடமாக அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் மன்னிக்கவில்லை. அத்தனை கோபத்தையும் அடக்கிக்கொண்டு, நடுரோட்டில், நூறு கண்ணுக்கு முன்னால், எது முதலில் வேண்டும் என்று பார்த்திருக்கிறார். நான் ஏசி அறையில் உட்கார்ந்து, ஃபைலைப் படித்துவிட்டும், அதைப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்த எரிச்சலை நான் அணைக்கப்போவதில்லை. நான் இதுவரை பட்ட பொறாமையில் இது ஒன்றுதான் எனக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது, இந்தக் காகிதத்தை எழுத வைத்திருக்கிறது.

போர்டில் எழுதினால் துடைத்துவிடுகிறார். அதனால் நகல் எடுத்து உங்கள் ஒவ்வொருவருக்கும் தருகிறேன், அவருக்கும் ஒன்று. அடுத்த முறை யாராவது என்னைப் பெரிய மனசுக்காரர் என்று அறிமுகம் செய்தால், இதை எடுத்து வாசியுங்கள். நான் எழுந்து மறுப்பேனா என்று காத்திருக்க வேண்டாம்.

இதை முடித்துக்கொள்ள வேண்டும், டிரம்மைக் கழுவி வைக்கச் சொல்லி வீட்டில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். நாளைக் காலை ஆறரைக்கு எங்கள் வீதிக்கு நல்ல தண்ணீர். போர்டில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதில் எழுதியிருந்தால் வரும்.